கையில் சேமிப்பு, உடம்பில் வருத்தம்: பிரித்தானியாவில் எந்த உதவிப்பணத்தைக் கேட்பது?

“அண்ணை, எங்களிட்டக் கொஞ்சக் காசு கிடக்கு. அதால எங்களுக்கு ஒண்டும் தரமாட்டினமாம். உண்மையோ?”

ஏப்ரல் கடைசியில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். வயது 54. பதினேழு வருடம் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. 2025 மே மாதம் முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை; அதன் பிறகு இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. மனைவி முதியோர் இல்லத்தில் பகுதிநேர வேலை. இருவர் பெயரிலும் சேர்த்து வங்கியில் சுமார் 40,000 பவுண். கூட வேலை செய்தவர்கள் சொன்ன புத்தி: “காசு முடியட்டும், பிறகு போய்க் கேள்.” அவரும் ஐந்து மாதமாகச் சேமிப்பை எடுத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாதத்தில் இரண்டு மூன்று பேராவது கேட்கிற கேள்வி இது. விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில் அல்ல, பழக்கத்தில் வந்தது. இந்த “காசு முடியட்டும்” புத்தியைப்போல எங்கள் ஆட்களுக்கு நட்டம் வைத்த இன்னொன்றை நான் பார்க்கவில்லை. பிரித்தானியாவின் நோய்க்கால உதவிகள் எல்லாவற்றையும் நாம் ‘பெனிஃபிட்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உள்ளே இருப்பவை வேறு வேறு சாதி. ஒன்று உங்கள் பையைப் பார்க்கும். இன்னொன்று நீங்கள் கட்டிய என்ஐ, அதாவது தேசியக் காப்புறுதிப் பங்களிப்பைப் பார்க்கும். மூன்றாவது இரண்டையும் பார்க்காது, உங்கள் உடம்பை மட்டும் பார்க்கும். இதில் இரண்டாவதற்குக் காலாவதித் தேதி உண்டு. சேமிப்பைத் தின்று முடிக்கும்வரை அது காத்திருக்காது.

கீழே உள்ள தொகைகள் 2026 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கானவை. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில பெயர்களும் அலுவலகங்களும் மாறும்.

## எதை எதைப் பார்த்துத் தெரிவு செய்வது

தொகை எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் இவற்றைப் பாருங்கள்.

சேமிப்பு எவ்வளவு, யார் பெயரில், எந்த நாட்டில். துணைக்குச் சம்பளம் உண்டா. வீடு வாடகையா, சொந்தமா. முடிவைப் புரட்டிப் போடுகிற கேள்வி இதுதான். விசாவில் ‘பொது நிதி பெறக்கூடாது’ என்ற நிபந்தனை இருக்கிறதா. கடைசி இரண்டு மூன்று வரி ஆண்டுகளில் என்ஐ ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா. வருத்தம் சில மாதத்தில் மாறுமா, வருடக்கணக்கில் இழுக்குமா. அரச ஓய்வூதியத்துக்கு இன்னும் எத்தனை ஆண்டு பங்களிப்புத் தேவை.

இந்த ஏழுக்கும் பதில் எழுதிவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

## முதலில் வேலைத்தலம் தரவேண்டியது

ஊழியராக இருப்பவருக்கு முதல் வாசல் எஸ்எஸ்பி எனப்படும் சட்டபூர்வ நோய்க்காலச் சம்பளம். முதலாளி தருவது. வாரம் 123.25 பவுண் அல்லது சராசரிச் சம்பளத்தின் 80 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. அதிகபட்சம் 28 வாரம். 2026 ஏப்ரல் 6 முதல் மூன்று நாள் காத்திருப்பும், குறைந்தபட்சச் சம்பள எல்லையும் எடுக்கப்பட்டுவிட்டன. ஆகவே கடையில் வாரத்தில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கும் முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. சேமிப்பைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. சொந்தத் தொழில் செய்பவருக்கு மட்டும் இந்த வாசல் கிடையாது.

கவனிக்கவேண்டியது அடுத்த அடி. எஸ்எஸ்பி முடிவதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே ஈஎஸ்ஏவுக்கு, அதாவது என்ஐ கட்டியவர் வருத்தத்தால் வேலை செய்யமுடியாதபோது அரசு தரும் உதவிப்பணத்துக்கு, விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகு யோசிப்போம் என்று இருந்தால் இடையில் பள்ளம் விழும்.

## தெரிவு 1: ஒன்றும் கேட்காமல் சேமிப்பில் வாழ்வது

இதிலும் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கால் முறிந்து நான்கு மாதத்தில் வேலைக்குத் திரும்பப்போகிறவர், எஸ்எஸ்பியும் கொஞ்சச் சேமிப்பும் போதும் என்றால், படிவங்களோடும் மருத்துவ மதிப்பீட்டோடும் ஏன் மல்லுக்கட்டவேண்டும்? “அரசாங்கக் காசு வேண்டாம்” என்ற ரோசமும் சிலருக்கு உண்டு. அந்த ரோசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஈஎஸ்ஏ என்பது சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடித்த காசுக்கு ஈடாகத் தருவது. கார் காப்புறுதி கட்டியவர் விபத்து நடந்தபின் கேட்காமல் விடுவாரா?

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது ஓய்வூதியம். முழு அரச ஓய்வூதியம் வாரம் 241.30 பவுண், அதற்குப் பொதுவாக 35 ஆண்டு என்ஐ வேண்டும். ஒரு ஆண்டு விடுபட்டால் வாரம் ஏறத்தாழ 6.90 பவுண் குறையும், அதுவும் சாகும்வரை. அந்த ஓட்டையைப் பிறகு காசு கொடுத்து அடைக்கலாம். வாரம் 18.40 பவுண் வீதம் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 957 பவுண் வரும். ஈஎஸ்ஏ விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அதே ஆண்டுக்கான என்ஐ வரவு, அதாவது கட்டியதாகவே எண்ணப்படும் பங்களிப்பு, சும்மாவே பதிவாகும். முப்பது வயதுக்கு மேல் இந்த நாட்டுக்கு வந்த எங்கள் தலைமுறையில் பலருக்கு 35 ஆண்டு எட்டுவதே பாடு. அதில் இரண்டு மூன்று ஆண்டைத் தூக்கிக் கொடுப்பது சின்ன விடயம் அல்ல.

இரண்டாவது செலவு, முதலில் சொன்ன காலாவதி. அதை அடுத்த பகுதியில் கணக்கோடு காட்டுகிறேன்.

## தெரிவு 2: நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ

சேமிப்பு உள்ளவர் முதலில் தட்டவேண்டிய கதவு இது. பெயர்தான் வாயில் நுழையாது. வங்கியில் 40,000 கிடந்தாலும் 4 இலட்சம் கிடந்தாலும் கேட்கமாட்டார்கள். மனைவியின் சம்பளம், கணவனின் சம்பளம் எதுவும் தேவையில்லை. சொந்த வீடு, ஊரில் காணி, விபத்து நட்டஈடு, கடும்நோய்க் காப்புறுதியில் வந்த மொத்தத் தொகை, ஒன்றுமே இதைத் தொடாது.

அவர்கள் பார்ப்பது என்ஐ பதிவை. விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய, முழுமையாக முடிந்த இரண்டு வரி ஆண்டுகளில் போதிய பங்களிப்பு இருக்கவேண்டும். ‘ஆண்டு’ என்பது இங்கே ஜனவரி முதல் ஞாயிறில் தொடங்குவது. அதனால் 2026இல் விண்ணப்பித்தால் 2023-24, 2024-25 ஆகிய இரண்டையும் பார்ப்பார்கள். 2027இல் போனால் 2024-25, 2025-26.

பள்ளி வாசலில் நின்றவரின் கணக்கைப் போடுவோம். 2025 மே நடுவில் வேலை நின்றது. 2025-26 வரி ஆண்டில் அவர் உழைத்தது ஆறு வாரம்கூட இல்லை. சம்பளம் 3,000 பவுணை எட்டவில்லை. அந்த ஆண்டைத் தேற்றுவதற்கு 6,250 பவுண் அளவுக்காவது பங்களிப்புடன் கூடிய சம்பளமோ, அதற்கு ஈடான வரவுகளோ வேண்டும். ஆகவே 2026 முடிவதற்குள் கேட்டால் இரண்டு நல்ல ஆண்டுகள் அவர் கையில். 2027 ஜனவரி 3க்குப் பிறகு கேட்டால் ஒன்று நல்லது, ஒன்று ஓட்டை. மாதம் 1,200 பவுண் சேமிப்பிலிருந்து எடுத்தால் 40,000 முடிய 33 மாதம் ஆகும். “காசு முடியட்டும்” என்று இருந்திருந்தால், காசு முடிகிற அன்று பதினேழு வருடப் பங்களிப்பும் ஈஎஸ்ஏவைப் பொறுத்தவரை செல்லாக்காசு.

எவ்வளவு கிடைக்கும்? 25 வயதைத் தாண்டியவருக்கு, மதிப்பீடு முடியும்வரை வாரம் 95.55 பவுண் வரை. முதல் ஏழு நாளுக்குப் பொதுவாகக் கிடையாது. 13 வாரத்துக்குள் மதிப்பீடு முடியவேண்டும் என்பது கணக்கு. பலருக்கு அது தள்ளித்தான் போகிறது. மதிப்பீட்டுக்குப் பிறகு இரண்டு பாதை. ‘இப்போது முடியாது, ஆனால் வேலைக்கு ஆயத்தமாகலாம்’ என்ற குழுவில் போட்டால் அதே 95.55, மொத்தம் 365 நாளோடு நின்றுவிடும். மதிப்பீட்டுக் காலமும் அந்த 365 நாளுக்குள் அடக்கம். ‘ஆதரவுக் குழு’வில் போட்டால் வாரம் 145.90, அதற்கு நாள் வரம்பு இல்லை.

மறைவான பிடிகள் சில:

வேலைத்தல ஓய்வூதியம் அல்லது தனியார் ஓய்வூதியம் வாரம் 85 பவுணைத் தாண்டினால், தாண்டியதில் பாதியைக் கழிப்பார்கள். வாரம் 125 பவுண் ஓய்வூதியம் எடுப்பவருக்கு 20 பவுண் குறையும். 55 வயது வந்ததும் அவசரப்பட்டு மாத ஓய்வூதியத்தைத் திறக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இது வரிக்குட்பட்ட வருமானம். பாதி ஆண்டு உழைத்து, மீதிப் பாதி ஈஎஸ்ஏ எடுத்தவருக்கு வரிக் கணக்கில் சேரும்.

மூன்று மாதம்வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம், அதற்கு மேல் இல்லை. அந்த நாட்களுக்கும் மருத்துவச் சான்று வேண்டும்.

365 நாள் முடிந்து காசு நின்றாலும் கதவை முழுதாகச் சாத்தவேண்டாம். வருத்தம் தொடர்ந்தால் காசில்லாமல் என்ஐ வரவுக்காக மட்டும் உரிமையைத் தொடரலாம். பலர் “காசு இல்லையே” என்று சிக் நோட் (மருத்துவச் சான்று) கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஓய்வூதியப் பதிவில் அங்கே ஓட்டை விழுகிறது.

விசாவில் இருப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று. திறன்சார் தொழில் விசாவில் வந்து உழைக்கும் பல தமிழர்களின் விசாவில் ‘பொது நிதி பெறக்கூடாது’ என்று இருக்கும். யுனிவர்சல் கிரெடிட்டும் (வருமானமும் சேமிப்பும் பார்த்துத் தருவது) பிப்பும் (உடம்பின் இயலாமையை மட்டும் பார்த்துத் தருவது) அந்தத் தடைப் பட்டியலில் உண்டு. கேட்டால் விசாவுக்கே ஆபத்து. எஸ்எஸ்பியும் நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏயும் அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் ஒன்று முதலாளி தருவது, மற்றது பங்களிப்பின் பேரில் வருவது. பயத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஊரிலிருந்து காசு எடுப்பித்துச் சமாளித்த தாதி ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டு என்ஐ கட்டியிருந்தார். கேட்டிருக்கலாம்.

சொந்தத் தொழில் செய்பவர்களின் இரண்டாம் வகுப்புப் பங்களிப்பும் ஈஎஸ்ஏவுக்குச் செல்லும். டக்சி ஓடுகிறவர், சின்னக் கடை வைத்திருப்பவர், தங்கள் என்ஐ பதிவை அரசின் இணையக் கணக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இலாபம் குறைவாகக் காட்டிய ஆண்டுகளில் பதிவு வெறுமையாக இருக்கும். வரியைக் குறைத்த கெட்டித்தனத்துக்கு அன்றுதான் விலை தெரியவரும்.

## தெரிவு 3: யுனிவர்சல் கிரெடிட்

பையைப் பார்ப்பது இதுதான். 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் கிடையாது. 6,000க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. இடையில் இருந்தால் 6,000க்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுணுக்கும், அதில் ஒரு பகுதிக்கும்கூட, மாதம் 4.35 பவுண் கழிப்பார்கள். தனியாளுக்கும் 16,000தான், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தும் 16,000தான். 2006இல் போட்ட இந்த எல்லையை இன்றுவரை ஒரு பவுண்கூட உயர்த்தவில்லை. அன்றைய 16,000க்கு வாங்கியதை இன்று அதே காசுக்கு வாங்கமுடியுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

25 வயதைத் தாண்டிய தனியாளுக்கு அடிப்படைத் தொகை மாதம் 424.90, தம்பதிக்கு 666.97. வேலைக்கோ ஆயத்தத்துக்கோ முடியாது என்று மதிப்பீட்டில் வந்தால் கூடுதல் தொகை உண்டு. 2026 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக வருவோருக்கு அது 217.26 மட்டுமே. ஆயுள் முழுதும் மாறாத கடும் நிலையில் உள்ளவர்களுக்கும், வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் 429.80. இந்தக் கூடுதல் தொகை தொடங்கப் பொதுவாக மூன்று மாதம் பிடிக்கும். முதல் பணம் வரவே ஐந்து வாரம். அதற்கிடையில் ‘அட்வான்ஸ்’ தருவார்கள், அது கடன்.

இதன் உண்மையான பலம் வாடகைப் பகுதியில் இருக்கிறது. லண்டனில் தனியார் வாடகை கொடுப்பவருக்கு ஈஎஸ்ஏ மட்டும் எந்த மூலைக்கும் காணாது. யுனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் தனித் தொகைகள் சேரும்.

சொந்த வீட்டில், வாடகை இல்லாமல் இருக்கும் தனியாளுக்குக் கணக்கு வேறு. 14,000 பவுண் சேமிப்பு என்று வையுங்கள். கழிவு 32 தடவை 4.35, அதாவது 139.20. அடிப்படைத் தொகை 285.70 ஆகிவிடும். ஈஎஸ்ஏ மாதத்துக்கு ஏறத்தாழ 414. கூடுதல் தொகையைச் சேர்த்தாலும் யுனிவர்சல் கிரெடிட் 502.96; ஆதரவுக் குழு ஈஎஸ்ஏ 632. 16,000க்குக் கீழே இருந்தும் ஈஎஸ்ஏயே மேல். இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம்தான், ஆனால் ஈஎஸ்ஏயை ஒரு பவுணுக்கு ஒரு பவுணாக யுனிவர்சல் கிரெடிட்டில் கழித்துவிடுவார்கள். ஆகவே இரண்டையும் கூட்டி வரவு போடாதீர்கள்.

துணை வேலை செய்தால் அவருடைய சம்பளத்தில் ஒரு எல்லைக்கு மேல் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறையும்.

### எது சேமிப்பு, எது இல்லை

இங்கேதான் எங்கள் ஆட்கள் தடுமாறுவது, சில வேளை தெரிந்தே தடுமாறுவது.

குடியிருக்கும் வீடு சேராது. கார், தளபாடம் சேராது. நகை தனிப்பட்ட உடைமை, அதுவும் சேராது. தாலிக்கொடி எத்தனை பவுண் என்பது உங்களுக்கும் சம்பந்திக்கும் இடையிலான விடயம். டிடபிள்யூபி, அதாவது உதவிப்பணம் தரும் அரசத் திணைக்களம், கேட்பது மற்றப் பவுணை. ஆனால் வருத்தம் வந்தபிறகு, காசை மறைக்கவென்று 10,000 பவுணுக்கு நகை வாங்கினால் கதை வேறு.

இன்னும் எடுக்காத ஓய்வூதியச் சேமிப்பு, ஓய்வூதிய வயதுக்கு முன்பு, சேராது. அதிலிருந்து 25 சதவீதத்தை மொத்தமாக வெளியே எடுத்து வங்கியில் போட்ட நாளிலிருந்து சேரும். பிள்ளையின் பெயரிலுள்ள ஜூனியர் ஐஎஸ்ஏ என்ற சேமிப்புக் கணக்கு பிள்ளையின் காசு. சீட்டு எடுத்த காசு உங்கள் கணக்கில் இருந்தால் உங்கள் காசு. தம்பியின் காசை உங்கள் கணக்கில் வைத்திருந்தால், அது தம்பியுடையது என்று நிரூபிக்க எழுத்து வேண்டும். “அவர் நம்பித் தந்தவர்” என்பது சான்று ஆகாது.

ஊரில் உள்ள வீடும் காணியும் சேரும். யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் தஞ்சாவூரில் இருந்தாலும் அந்த நாட்டுச் சந்தை விலையைப் போட்டு, விற்கும் செலவுக்குப் பத்து சதவீதமும் அதன்மேல் உள்ள ஈட்டுக் கடனும் கழித்துக் கணக்கெடுப்பார்கள். ‘இங்கே தெரியவா போகிறது’ என்று மறைத்தவர்கள் பின்னர் வருடக்கணக்கான காசைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். அதே வேளை ஒரு நல்ல விதியும் உண்டு. அந்த வீட்டில் ஓய்வூதிய வயதைக் கடந்த அப்பாவோ அம்மாவோ, அல்லது வேலை செய்யமுடியாத உடன்பிறப்போ குடியிருந்தால், விதிப்படி அந்த வீடு கணக்கில் சேராது. அம்மா வாழும் வீட்டைக் காட்டப் பயந்து ஒளிப்பவர்கள், உண்மையைச் சொன்னாலே போதும் என்பதை அறியாமல் ஒளிக்கிறார்கள். விற்க முயற்சி எடுத்தால் குறைந்தது ஆறு மாதம் விட்டுவைப்பார்கள்.

16,000க்குக் கீழே இறக்குவதற்காக அண்ணனுக்கு 20,000 அனுப்பலாமா? அனுப்பினால் அந்தக் காசு இன்னும் உங்களிடமே இருப்பதாக வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். கடனை அடைப்பதும், நியாயமான பொருளையும் சேவையையும் வாங்குவதும் அப்படி எண்ணப்படாது. வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தவருக்கும், கோயில் திருப்பணிக்கு மொத்தமாகக் கொடுத்தவருக்கும் ஒரே தீர்ப்பு வராது. எதைச் செய்தாலும் ரசீதும் வங்கித் தாள்களும் பத்திரம்.

## தனி வரிசை: பிப்

பிப் என்பது மேலே உள்ளவற்றுக்கு மாற்று அல்ல. எதோடும் சேர்த்து வரக்கூடியது. சேமிப்பு, சம்பளம், என்ஐ எதையும் பார்க்காது. வரியும் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே எடுக்கலாம். ஸ்கொட்லாந்தில் இதற்குப் பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட்.

கேட்பது ‘வேலை செய்ய முடியுமா’ என்பதை அல்ல. சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, உடுப்பது, ஆட்களோடு பழகுவது போன்ற பத்தும், வழி கண்டு போவது, நடப்பது என்ற இரண்டும் சேர்த்துப் பன்னிரண்டு செயல்கள். இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனிப் புள்ளி: எட்டு வந்தால் சாதாரண வீதம், பன்னிரண்டு வந்தால் உயர் வீதம். அன்றாட வாழ்வுப் பகுதி வாரம் 76.70 அல்லது 114.60; நடமாட்டப் பகுதி 30.30 அல்லது 80.00. சிரமம் மூன்று மாதமாக இருந்து, இன்னும் ஒன்பது மாதம் இருக்கும் என்றும் தெரியவேண்டும். பொதுவாகக் கடந்த மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு இந்த நாட்டில் இருந்திருக்கவும் வேண்டும்.

அன்றாட வாழ்வுப் பகுதி கிடைத்தால் வாரம் 35 மணி நேரம் பராமரிக்கும் துணைக்குப் பராமரிப்பாளர் கொடுப்பனவு வாரம் 86.45 வழி திறக்கலாம். அதுவும் சேமிப்பைப் பார்க்காது. பராமரிப்பவரின் சொந்தச் சம்பளத்துக்கு மட்டும் எல்லை உண்டு.

பிப்பிலும் ஈஎஸ்ஏ மதிப்பீட்டிலும் எங்கள் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில். மதிப்பீட்டாளர் தொலைபேசியில் “எப்படி இருக்கிறீர்கள்” என்பார். “பரவாயில்லை, சுகமா இருக்கிறன்” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். வளர்த்த வளர்ப்பு அப்படி. அறிக்கையில் அதுவும் ஏறும். சமைக்க முடியுமா என்றால் “ஓம், முடியும்” என்பார்கள். பாதியில் மூன்று தடவை படுத்தெழும்பி, கடைசியில் மகள்தான் இறக்கி வைத்தாள் என்பதைச் சொல்லமாட்டார்கள். விதி கேட்பது ஒருமுறை செய்ய முடியுமா என்பதை அல்ல: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க முறையில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்தில் முடியுமா என்பதை. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம், காசு இல்லை. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளையின் முன்னால் எந்தத் தகப்பன் ‘எனக்குக் குளிக்க உதவி வேண்டும்’ என்பார்?

மறுத்துக் கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை, அதற்கும் மறுத்தால் தீர்ப்பாயம். ஈஎஸ்ஏவுக்கும் யுனிவர்சல் கிரெடிட்டுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

## ஒரே பார்வையில்

| | சேமிப்பில் மட்டும் | நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ | யுனிவர்சல் கிரெடிட் | பிப் |
|---|---|---|---|---|
| சேமிப்பு | கரையும் | பார்க்காது | 16,000க்கு மேல் இல்லை | பார்க்காது |
| துணையின் சம்பளம் | – | பார்க்காது | பார்க்கும் | பார்க்காது |
| என்ஐ பதிவு | – | கட்டாயம் | தேவையில்லை | தேவையில்லை |
| தொகை | – | வாரம் 95.55 / 145.90 | மாதம் 424.90இலிருந்து, வாடகை தனி | வாரம் 30.30 முதல் 194.60 வரை |
| காலம் | காசு உள்ளவரை | 365 நாள். ஆதரவுக் குழுவுக்கு வரம்பில்லை | தகுதி உள்ளவரை | தீர்ப்பில் சொன்ன காலம் |
| வரி | – | உண்டு | இல்லை | இல்லை |
| ஓய்வூதிய வரவு | இல்லை | உண்டு | உண்டு | இல்லை |
| பொது நிதித் தடை விசா | – | கேட்கலாம் | கேட்கக்கூடாது | கேட்கக்கூடாது |

## யாருக்கு எது

சேமிப்பு 16,000க்கு மேல், கடைசி ஆண்டுகளில் ஒழுங்காக உழைத்தவர்: ஈஎஸ்ஏ, தாமதமில்லாமல். வருத்தம் நீளும் என்றால் பிப்பும்.

சேமிப்பு குறைவு, வாடகை வீடு, சின்னப் பிள்ளைகள்: யுனிவர்சல் கிரெடிட்டே தூண். என்ஐ இருந்தால் ஈஎஸ்ஏயையும் கேளுங்கள். மொத்தக் காசு கூடாவிட்டாலும், துணைக்குச் சம்பளம் ஏறி யுனிவர்சல் கிரெடிட் நின்றுபோனால் ஈஎஸ்ஏ நிற்காது.

சேமிப்பும் உண்டு, என்ஐ பதிவும் இல்லை. பல வருடம் வீட்டில் பிள்ளை வளர்த்த பெண்கள் இந்த இடத்தில் மாட்டுகிறார்கள். அவர்களுக்குப் பிப் ஒன்றுதான் உடனடி வழி. சேமிப்பு 16,000க்குக் கீழ் இயல்பாக இறங்கும் மாதத்தைக் குறித்து வைத்து, அன்றே யுனிவர்சல் கிரெடிட் கேட்கலாம். சிறு பிள்ளைக்குச் சைல்ட் பெனிஃபிட் தாயின் பெயரில் இருந்திருந்தால் ஓய்வூதிய வரவாவது பதிந்திருக்கும்; அதைச் சரிபாருங்கள்.

விசாவில் பொது நிதித் தடை உள்ளவர்: எஸ்எஸ்பி, பிறகு ஈஎஸ்ஏ. அதற்கு அப்பால் ஒரு அடிகூட வழக்கறிஞரைக் கேட்காமல் வைக்கவேண்டாம்.

இரண்டு மூன்று மாதத்தில் எழும்பிவிடுவார் என்று மருத்துவர் சொன்னவர்: எஸ்எஸ்பியும் சேமிப்பும் போதும். ஆனாலும் சிக் நோட்டை இடைவெளி விடாமல் வாங்கி வையுங்கள். மருத்துவர் சொன்ன தேதிக்கு உடம்பு கட்டுப்படுவதில்லை.

முதலில் சொன்னவரின் கதையை முடித்துவிடுகிறேன். அன்று இரவே இணையத்தில் ஈஎஸ்ஏ விண்ணப்பம் போட்டோம். எஸ்எஸ்பி நின்றபின் வேலைத்தலம் கேட்கவில்லை என்று அவர் சிக் நோட் எடுப்பதையே விட்டிருந்தார். குடும்ப மருத்துவர் அறுவைச் சிகிச்சைப் பதிவைப் பார்த்து, கடந்துபோன நாட்களுக்கும் எழுதித் தந்தார். ஜனவரிக் கடைசி வரை பின்தேதியிட்டுக் கொடுத்தார்கள். டிசம்பரும் ஜனவரியும் போனது போனதுதான், கிட்டத்தட்ட 800 பவுண். பிப் படிவத்தை இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறோம். குளிப்பது பற்றிய கேள்வியில் “பிரச்சினை இல்லை” என்று எழுதச் சொன்னார். குளியலறையில் ஸ்டூல் போட்டது யார் என்று மனைவி கேட்டார். அடித்துவிட்டுத் திரும்ப எழுதினோம்.